கழுதை முதுகில் ஹெலிகாப்டர்

கஸ்டமர் கேர் என்பது நாம் செய்யாத தப்புக்கு, நாம் பார்க்காத ஊரில் இருப்பவரிடம், சிரித்த முகத்தோடு மன்னிப்புக் கேட்கும் தொழில். காதில் ஹெட்செட் மாட்டிப் பிழைத்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். மாட்டாதவர்கள், விருந்தாளியின் குழந்தை உங்கள் டிவியை உடைத்தபோது "பரவால்லங்க, சின்னப் புள்ளதானே" என்று சொன்ன உங்கள் குரலை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். அந்தக் குரலிலேயே ஷிப்ட் முழுக்கப் பேச வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் ஆபீஸ் புதுச்சேரி நூறடி ரோட்டில் ஒரு டைல்ஸ் கடைக்கு மேலே இருக்கிறது. பிரெஞ்சு பேசும் கஸ்டமர்களுக்கு இங்கிருந்து பதில் சொல்கிறோம். என் கஸ்டமர்கள் சுவிட்சர்லாந்தில் ஒரு மலைக்குப் போகிறவர்கள். ஒரு கம்பெனி அவர்களை ஹெலிகாப்டரில் ஏற்றிப் பனி மூடிய உச்சியில் இறக்கிவிடும். அவர்கள் காலில் ஸ்கீ கட்டையை மாட்டிக்கொண்டு கீழே சறுக்கி வருவார்கள். வந்ததும் மறுபடி ஹெலிகாப்டர், மறுபடி உச்சி. அந்தக் கம்பெனியின் போனை எடுப்பவள் நான். அரியாங்குப்பத்திலிருந்து ஸ்கூட்டரில் கிளம்பி, ஆற்றுப் பாலத்தில் பஸ்ஸுக்குப் பின்னால் நின்று வெந்து, வந்து உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இன்று புதுப் பனி அருமையாக விழுந்திருக்கிறது, முசியே" என்பேன், முசியே என்றால் ஐயா. நான் கண்ணால் பார்த்த பனி மார்கழி காலையில் ஸ்கூட்டர் சீட்டில் இருப்பது மட்டும்தான்.

பெயர்

இந்த மாதிரி ஆபீஸ்களில் சேர்ந்தவுடன் ஒரு பிரெஞ்சுப் பெயர் கொடுப்பார்கள். பக்கத்து சீட்டு ஜுலைகா 'ஜூலி' ஆனாள். எனக்கு எதுவும் கொடுக்கவில்லை, ஏனென்றால் என் ஞானஸ்நானப் பெயரே பிலோமின். எங்கள் உறவில் பாதிப் பேருக்கு பிரெஞ்சு நேஷனாலிட்டி உண்டு, பென்ஷன் உண்டு, பாரிஸில் வீடு உண்டு. எனக்கு வந்து சேர்ந்தது பெயர் மட்டும்தான்.

அந்தப் பெயர் பிரான்சில் எப்போதோ வழக்கொழிந்துவிட்டது என்பது புதுச்சேரிக்கு இன்னும் தெரியவில்லை. முதல் வாரம் ஒருவர் ஹெலிகாப்டர் புக் பண்ணக் கூப்பிட்டார். "பிலோமின் பேசுகிறேன், என்ன உதவி வேண்டும்?" என்றேன். அவர் உடனே மிகவும் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, உரக்கப் பேச ஆரம்பித்தார். காது கேட்காதவரிடம் பேசுவதுபோலத் தேதியை மூன்று தடவை சொன்னார். வைக்கும்முன் அவரால் தாங்க முடியவில்லை.

"இந்த வயதிலும் உங்களை வேலை வாங்குகிறார்களே மதாம், அந்தக் கம்பெனிக்கு மனசாட்சியே இல்லையா?"

இடுப்பளவு ப்ளைவுட்

அந்த மலையில் இன்னொரு கூட்டமும் உண்டு. இவர்களுக்கு ஹெலிகாப்டர் ஆகாது. ஸ்கீ கட்டையோடு காலை முழுக்க நடந்தே மலை ஏறுவார்கள், ஒரே ஒரு தடவை சறுக்கி இறங்குவார்கள், அதோடு அன்றைய நாள் முடிந்தது. இவர்களுக்கென்று ஒரு சங்கம். மலையில் ராத்தங்கக் குடில்கள். குடிலில் இடம் பிடிக்க, எந்தச் சரிவில் ஏறப்போகிறோம் என்று சொல்லிவைக்க, ஹெலிகாப்டரைத் திட்ட என்று எல்லாவற்றுக்கும் ஒரு போன் நம்பர்.

இரு கூட்டத்துக்கும் வேண்டியது ஒன்றுதான்: யாரும் கால் படாத புதுப் பனி. ஒருவர் இறங்கிவிட்டால் அதில் கோடு விழுந்துவிடும், அடுத்தவருக்கு அது எச்சில் தட்டு. நம்மூரில் சாயங்காலம் பீச் ரோட்டில் வண்டி விடாமல் நடக்க விடுகிறார்களே, அந்த நேரத்தில் ஹெலிகாப்டரில் பத்துப் பேரைக் கொண்டுவந்து இறக்கினால் வாக்கிங் போகிறவர்கள் என்ன சொல்வார்கள்? அதைத்தான் அவர்களும் சொன்னார்கள், பிரெஞ்சில்.

வேடிக்கை என்னவென்றால், நடக்கிறவர்களின் போனை எடுப்பவள் ஜுலைகா. எனக்குப் பக்கத்து சீட்டு. இரண்டு கட்சிக்காரரும் ஒரே வக்கீலைப் பிடித்த கதை. இது இரு கட்சிக்கும் தெரியாது. ஒருவர் தகவல் இன்னொருவருக்குப் போகக் கூடாது என்று ஆபீஸ் தனித்தனியாகப் போட்ட ஒப்பந்தம், மீறினால் வேலை போகும். அதற்காக எங்கள் நடுவில் இடுப்பளவுக்கு ஒரு ப்ளைவுட் தடுப்பு வைத்தார்கள். டீம் லீடர் கோபி சார் திண்டிவனத்துக்காரர், பிரெஞ்சு தெரியாது. அவர்தான் சட்டத்தை விளக்கினார்.

"கண்ணால பாத்துக்கலாம் மேடம், காதால மட்டும் கேக்கக் கூடாது."

தோல் போனவர்

ஜுலைகாவின் அப்பா துணிக்கடைக்காரர். ஒரு மீட்டர் பாப்ளினுக்கு நாற்பது நிமிஷம் பேரம் பேசும் வாடிக்கையாளர்களைப் பார்த்து வளர்ந்தவள் என்பதால் யார் எவ்வளவு கத்தினாலும் அசைய மாட்டாள். பிரெஞ்சு, காலேஜில் படித்தது. இலக்கணம் சுத்தம். ஆனால் காலேஜ் பாடத்தில் மலை ஏறுகிறவர்கள் யாரும் வரவில்லை.

சேர்ந்த புதிதில் ஒருவர் குடிலிலிருந்து கூப்பிட்டு, "என் இரண்டு தோலும் போய்விட்டது, இனி என்னால் ஏற முடியாது" என்றார். இவள் பதறிப்போய், "எந்த இடத்தில், முசியே? காலிலா, கையிலா?" என்று கேட்டாள். "காலில்தான், வேறெங்கே? பாதி வழியில் உரிந்து விழுந்துவிட்டது." ஜுலைகா அவரைப் படுக்கச் சொல்லி, தண்ணீர் படாமல் வைத்துக்கொள்ளச் சொல்லி, பள்ளத்தாக்கில் இருக்கும் தோல் டாக்டரின் நம்பரையும் தேடி எடுத்துக் கொடுத்தாள். பனியில் வழுக்காமல் ஏறுவதற்காக ஸ்கீ கட்டையின் அடியில் ஒட்டும் துணிப்பட்டைக்கு அவர்கள் பாஷையில் 'தோல்' என்று பெயர் என்பது அப்புறம்தான் தெரிந்தது. அந்த மனிதர் நல்லவர். நம்பரைப் பொறுமையாகக் குறித்துக்கொண்டு, கடைசியில் சொன்னார்.

"டாக்டரைப் பார்க்கிறேன் மதாம். ஆனால் எனக்குத் தீர்ந்துபோனது பசை."

வாஷிங் மெஷின்

ஒவ்வொரு புகாரையும் கம்ப்யூட்டரில் ஏதாவது ஒரு தலைப்பின் கீழ் போட வேண்டும். எங்களுக்கு முன்னால் அந்த சீட்டுகளில் ஒரு வாஷிங் மெஷின் கம்பெனியின் போனை எடுப்பவர்கள் இருந்தார்கள். அவர்கள் இரண்டாவது மாடிக்குப் போய்விட்டார்கள், தலைப்புகள் மட்டும் போகவில்லை. 'சத்தம் அதிகம்', 'அதிர்வு', 'தண்ணீர் கசிவு', 'கதவு திறக்கவில்லை'. எங்கள் மலை முழுவதையும் இந்த நாலு அறைக்குள் அடைக்க வேண்டும்.

ஹெலிகாப்டர் சத்தத்துக்குக் கஷ்டமில்லை. குடிலின் கதவு பனியில் புதைந்துபோனால் அதற்கும் இடம் இருந்தது. ஒருநாள் மலையின் ஒரு பக்கத்தில் பனி மொத்தமாகச் சரிந்து, நல்லவேளையாக ஆள் இல்லாத இடத்தில், ஒரு காட்டையே மூடிவிட்டது. அன்று முழுக்க அதைப் பற்றித்தான் போன். "இதை எதுல சார் போடறது?" என்று கோபி சாரிடம் கேட்டேன். அவர் திரையை ரொம்ப நேரம் பார்த்தார்.

"உருகுனா தண்ணிதானே மேடம்? கசிவுல போட்டுடுங்க."

மெர்சி

பிரெஞ்சு தெரியாத கோபி சார் எங்கள் பிரெஞ்சுக்கு மார்க் போடுவது எப்படி என்று நீங்கள் கேட்கலாம். நாங்களும் கேட்டோம். அவரிடம் இரண்டே விதிகள். கஸ்டமர் சொன்னதை நாம் வாய்விட்டு ஒருமுறை திருப்பிச் சொல்ல வேண்டும், அது கோபி சார் காதில் விழ வேண்டும். இரண்டாவது விதி, கஸ்டமர் கடைசியில் 'மெர்சி', அதாவது நன்றி, சொல்ல வேண்டும்.

ஒருநாள் என் காதில் ஒருவர் கால் மணி நேரம் என் கம்பெனி, என் குடும்பம், என் எதிர்காலம் மூன்றைப் பற்றியும் விரிவாகப் பேசினார். நானும் விதிப்படி ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னேன். கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு, "இந்த லட்சணத்துக்கு உங்களுக்கு மெர்சி வேறு!" என்று வைத்தார். கோபி சார் ஒட்டுக்கேட்கும் ஹெட்செட்டைக் கழற்றி எனக்கு முழு மார்க் போட்டார். எனக்கே கூச்சமாகப் போய், அவர் என்னைத் திட்டினார் என்று உண்மையைச் சொன்னேன்.

"பாஷை எதுக்கு மேடம்? மெர்சி சொன்னாரா, இல்லையா?"

யாரும் பிறக்காத மலை

முசியே வலந்தேன் எங்கள் கம்பெனியின் பெரிய கஸ்டமர். ஒவ்வொரு குளிர்காலமும் நண்பர்களோடு வந்து பல நாள் ஹெலிகாப்டரில் பறப்பார். ஒருமுறை உச்சியில் இறங்கினதும் இறங்காததுமாக அங்கிருந்தே என்னைக் கூப்பிட்டார். காற்று இரைச்சலில் அவர் குரல் அழுகிறதா கத்துகிறதா என்று தெரியவில்லை.

நடக்கிறவர்கள் விடிகாலையிலேயே ஏறிவந்து, சரிவு நெடுக வளைந்து வளைந்து தடம் போட்டு வைத்திருக்கிறார்கள். அதுதான் விஷயம். "அவர்களும் நடப்பதற்கு உரிமை உள்ளவர்கள், முசியே" என்று எழுதிக்கொடுத்த பதிலை வாசித்தேன். அவர் அதை மறுக்கவில்லை. நடக்கட்டும், ஆனால் தடம் விழாமல் நடக்க முடியாதா என்று கேட்டார். அதற்கு எழுதிக்கொடுத்த பதில் என்னிடம் இல்லை. நானாக மன்னிப்புக் கேட்டேன்.

"நான் பணம் கொடுத்தது ஹெலிகாப்டருக்கு அல்ல, மதாம். எனக்கு முன்னால் யாருமே பிறக்காத ஒரு மலைக்கு!"

ஸ்பீட் பிரேக்கர்

மதாம் கொலெத் எதிர்க்கட்சி. ரிட்டயரான ஸ்கூல் டீச்சர், எழுபதைத் தாண்டியவர், தனியாக மலை ஏறுகிறவர். குடிலில் இடம் பிடிக்க ஜுலைகாவைக் கூப்பிடுவார், திட்டுவதற்கு என்னைக் கூப்பிடுவார். முதல் தடவை கூப்பிட்டபோது எடுத்த எடுப்பில், "உங்கள் ஹெலிகாப்டர் நேற்று முழுக்க 'தோ தான்' மேலேயே சுற்றியது" என்றார். பிரெஞ்சில் 'தோ தான்' என்றால் சொல்லுக்குச் சொல் கழுதை முதுகு. நான் படித்த பிரெஞ்சில் அது ரோட்டில் போடும் ஸ்பீட் பிரேக்கர். ஸ்பீட் பிரேக்கருக்கு மேலே ஹெலிகாப்டருக்கு என்ன வேலை என்று எனக்குப் புரியவில்லை. ஆனாலும் பொறுப்பாக, "அது ரோடு சம்பந்தப்பட்டது, நகராட்சியில்தான் சொல்ல வேண்டும்" என்றேன்.

அது ஒரு சரிவின் பெயர் என்று அவர் விளக்கினார். விளக்கிய விதத்தில் அவர் வகுப்புப் பிள்ளைகள்மேல் எனக்கு இரக்கம் வந்தது. எங்கள் ஹெலிகாப்டர் இறங்கும் இடங்களின் பெயரையெல்லாம் பார்த்தேன். 'மணப்பெண்' இருந்தது, 'வெள்ளித்தட்டு' இருந்தது, 'தேவதை' இருந்தது. எல்லாம் நகைக்கடை விளம்பரம் மாதிரி. கழுதை இல்லை. "அப்படி ஓர் இடத்துக்கு எங்கள் ஹெலிகாப்டர் போவதே இல்லை, மதாம்" என்று அடித்துச் சொன்னேன். அதன்பிறகு வாரம் தவறாமல் அவர் கழுதை என்பதும் நான் இல்லை என்பதுமாகவே போனது. ஆனால் அந்த முதல் போனை அவர் முடித்த விதம்தான் மறக்க முடியாதது.

"கழுதை என்று நான் சொன்னது மலையை, மதாம். இந்த போன் வரைக்கும்."

நல்ல பெண்

அதே மதாம் கொலெத்துக்கு ஜுலைகா என்றால் உயிர். ஜூலி, ஜூலி என்று கொஞ்சுவார். குடிலில் ஜன்னலோரக் கட்டிலை அவருக்கென்று ஒதுக்கிவைப்பாள் ஜுலைகா. ஏறப்போகும் முன் அவர் வழியைச் சொல்வார், இவள் திருப்பிச் சொல்வாள், "பார்த்துப் போங்கள், மதாம்" என்பாள். அவ்வளவுதான், ஆனால் தனியாக இருக்கிற மனுஷிக்கு அந்தக் கடைசி வார்த்தைதான் முக்கியம் என்று எனக்குத் தோன்றும்.

ஒருநாள் என்னிடம் ஹெலிகாப்டரைப் பற்றி முடித்துவிட்டு, என் நடத்தைக்கு வந்தார். நான் அலட்சியமாகப் பேசுகிறேனாம், எதைக் கேட்டாலும் இல்லை என்கிறேனாம். பக்கத்தில் ஜுலைகா மிக்சர் பொட்டலத்தைப் பிரித்து, தடுப்புக்கு மேலே எனக்கு நீட்டிக்கொண்டிருந்தாள்.

"குடில் ஆபீஸில் ஜூலி என்று ஒரு பெண் இருக்கிறாள். முடிந்தால் ஒருநாள் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்!"

பங்காளிச் சண்டை

ஒரே சம்பளம், ஒரே கேன்டீன், ஆனால் கட்சி என்று வந்துவிட்டால் வந்ததுதான். எனக்கே தெரியாமல் நான் ஹெலிகாப்டர்காரி ஆகிவிட்டிருந்தேன். ஒருநாள் மதியச் சாப்பாட்டில், "அவங்க காசு குடுக்கறாங்க, பறக்கறாங்க, உங்காளுங்களுக்கு இன்னா வயித்தெரிச்சல்?" என்று கேட்டுவிட்டேன். ஜுலைகா சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள். காலையிலிருந்து மூச்சு வாங்க ஏறினவன் தலைக்கு மேலே பத்து நிமிஷத்தில் வந்து இறங்குவது நியாயமா என்றாள். முடியாதவர்கள், முழங்கால் போனவர்கள் மலையையே பார்க்கக் கூடாதா என்றேன் நான். முசியே வலந்தேனுக்கு முழங்கால் நன்றாகவே இருக்கிறது என்றாள் அவள்.

குரல் உயர்ந்தது. வாஷிங் மெஷின்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு பேருமே பனியைத் தொட்டுப் பார்த்ததில்லை என்பது அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. அவள் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வேறு மேஜைக்குப் போய்விட்டாள். மறுநாளும் அங்கேயே உட்கார்ந்தாள். அதற்கடுத்த நாள் வஞ்சிர வறுவலோடு அவள் மேஜைக்கு நானே போனேன். அவள் என்னைப் பார்க்காமல் மீனைப் பார்த்தாள்.

"ஏக்கா, இத்த எடுத்துக்கினு நடந்தா வந்த? ஹெலிகாப்டர்ல வந்திருந்தா வேணாம், எடுத்துக்கினு போய்டு."

கூரை இல்லாத கோயில்

அது மார்ச் மாதம். இங்கே வெளியில் தார் இளகிக்கொண்டிருந்தது. அங்கே ராத்திரி முழுக்கப் பனி கொட்டி, காற்றும் சுழற்றி அடித்திருந்தது. காற்றால் அன்று போக வேண்டிய இடத்தை மாற்றிவிட்டார்கள். முசியே வலந்தேனைக் கூப்பிட்டு அதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். "இன்று உங்களுக்கு 'மணப்பெண்', முசியே. உச்சியிலிருந்து இறங்கினால் அடிவாரத்தில் கூரை இல்லாத ஒரு சின்னக் கோயில் வரும், அங்கிருந்து உங்களை ஏற்றிக்கொள்வார்கள்." அவருக்குப் பரம சந்தோஷம், இன்னும் சற்று நேரத்தில் கிளம்புகிறோம் என்று வைத்தார். வைத்த அதே நேரம் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஜுலைகா, கோபி சார் விதிப்படி, மதாம் கொலெத் சொன்னதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தாள். "கூரை இல்லாத கோயிலிலிருந்து நேராக மேலே, 'தோ தான்' வழியாக. சரிதானே, மதாம்? பார்த்துப் போங்கள்."

எங்கள் தெருவுக்கு நீலப் பலகையில் பிரெஞ்சில் ஒரு பெயர், அதன் கீழே தமிழில் வேறொரு பெயர். ஆட்டோக்காரரிடம் இரண்டில் எதைச் சொன்னாலும் வர மாட்டார், 'ஐஸ் கம்பெனி சந்து' என்றால்தான் வருவார். புதுச்சேரியில் பிறந்தவளுக்கு இதற்கு மேல் யாரும் வரைபடம் போட்டுக் காட்ட வேண்டாம். தடுப்பின் மேலே எக்கி, "ஜுலைகா, ரெண்டும் ஒண்ணுடி! மணப்பொண்ணும் கழுதையும் ஒரே மலைடி!" என்றேன். அவள் ஒரு வினாடி முழித்தாள், உடனே மதாமுக்கு மறுபடி போட்டாள். போன் அணைந்திருந்தது. மலையில் போன் வைத்திருப்பது ஹெலிகாப்டர் வைத்திருப்பதற்குச் சமம் என்பது அந்த அம்மாவின் கொள்கை. "எடுக்கலக்கா, ஆஃப் பண்ணிட்டாங்க" என்றாள் ஜுலைகா. அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

காற்று குவித்த புதுப் பனியில் மேலே ஒருவர் சறுக்கினால், மொத்தமும் பெயர்ந்து கீழே இருப்பவர்மேல் வரும். அன்றைக்கு நான் 'கசிவு' என்று போட்டது அதைத்தான். ஹெலிகாப்டர் தளத்தின் தலைவர் முசியே ரெமியைக் கூப்பிட்டேன். பேசப் போவது அடுத்த சீட்டின் தகவல், பேசினால் வேலை போகும் என்பது தெரியும். கோபி சார் என் பின்னால் வந்து நின்றதும் தெரியும். "மணப்பெண்ணுக்குப் பழைய பெயர் ஏதாவது உண்டா, முசியே?" என்றேன். இவளுக்கு வேறு வேலை இல்லையா என்பதுபோல் ஒரு மூச்சு. பிறகு யாரிடமோ கத்திக் கேட்டார். "ஊர்க்காரர்கள் கழுதை முதுகு என்பார்களாம். நாங்கள்தான் மாற்றினோம். கழுதைமேல் ஏற யார் காசு கொடுப்பார்கள்?" என்றார். "அங்கே இப்போது ஓர் அம்மா ஏறிக்கொண்டிருக்கிறார், முசியே." அவர் குரல் மாறியது. "உங்களுக்கு எப்படித் தெரியும்?" "பக்கத்து சீட்டில் சொன்னார்கள்." அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. விசிறி சுழல ஆரம்பித்துவிட்ட ஹெலிகாப்டரை நிறுத்தச் சொல்லி அவர் போட்ட சத்தம் என் காதில் ரொம்ப நேரம் இருந்தது. திரும்பி வந்து ஒரே வார்த்தை சொல்லிவிட்டுப் போனை வைத்தார். ஜுலைகா தடுப்புக்கு மேலே என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கோபி சார் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒண்ணுமே புரியல மேடம். கடைசில மெர்சி சொன்னாரா?"

மேஜை விரிப்பு

சாயங்காலம் வரை இரண்டு பேரும் டீ குடிக்கக்கூட எழுந்து போகவில்லை. ஷிப்ட் முடியப்போகும் நேரத்தில் என் லைனில் மதாம் கொலெத்தின் குரல். உயிரோடு இருந்தது மட்டுமல்ல, கடுங்கோபமாகவும் இருந்தது. அவ்வளவு இனிமையான திட்டை நான் என் சர்வீஸில் கேட்டதில்லை. ஜுலைகாவிடம் கட்டை விரலை உயர்த்திக் காட்டினேன், அவள் கீபோர்டின்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

விஷயம் இதுதான். கழுதை முதுகுக்கு ஹெலிகாப்டரே வருவதில்லை என்று நான் குளிர்காலம் முழுக்கச் சொன்னேன் இல்லையா, அதை நேரில் பிடித்துக் காட்டத்தான் அன்று அவர் போயிருக்கிறார். வீட்டிலிருந்த மேஜை விரிப்பில் பேரப் பிள்ளைகளிடம் 'இது எங்கள் மலை' என்று பெயின்ட் அடிக்கச் சொல்லி, மடித்து முதுகில் சுமந்துபோய், சரியாகச் சரிவின் நடுவில் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். அவர் தலைக்கு மேலே அந்த நேரத்தில் என்ன வந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. சொல்ல எனக்கு அனுமதி இல்லை. "மன்னித்துவிடுங்கள், மதாம்" என்றேன். இந்தத் தொழிலில் நான் மனசாரச் சொன்ன மன்னிப்பு அது ஒன்றுதான்.

"கை விறைக்கக் காத்திருந்தேன், உங்கள் ஆட்கள் வரவேயில்லை! சொன்ன சொல்லை மீறுவதில்கூட ஓர் ஒழுங்கு கிடையாதா உங்களிடம்?"

கூரை வரை

முசியே வலந்தேனும் புகார் கொடுத்தார். அவருக்கு மணப்பெண்ணைக் காட்டிவிட்டு வேறொரு சரிவில் இறக்கிவிட்டார்களாம், அதில் ஏற்கனவே கோடுகளாம். விசாரித்தார்கள். முசியே ரெமி நேர்மையான மனிதர், நான் சொன்னதை அப்படியே எழுதிவிட்டார். இரண்டு கட்சிக்கும் ஒரே வக்கீல் என்பது அன்றைக்குத்தான் இரண்டு கட்சியின் நிர்வாகத்துக்கும் தெரிந்தது. பல வருஷமாக ஒரு விஷயத்திலும் ஒத்துப்போகாதவர்கள், எங்களை ஒரே அறையில் வைத்திருக்கக் கூடாது என்பதில் உடனே ஒத்துப்போனார்கள். என் வேலை தப்பியது, கடைசி எச்சரிக்கையோடு. ரெமி எனக்காகப் பேசினார் என்று கேள்வி. ப்ளைவுட் கூரை வரைக்கும் உயர்ந்தது. வழியை வாய்விட்டுச் சொன்னவள் என்று ஜுலைகாவை இரண்டாவது மாடி வாஷிங் மெஷினுக்கு மாற்றினார்கள். விதிப்படித்தான் சொன்னாள் என்று கோபி சார் போய்ப் பேசினார், எடுபடவில்லை.

அவள் இல்லாத சீட்டு எனக்குப் பிடிக்கவில்லை. மத்தியானம் ஒன்றாகத்தான் சாப்பிடுகிறோம். ஆனாலும் தடுப்புக்கு மேலே மிக்சர் வராத ஷிப்ட் நீளமாக இருக்கிறது. மேலே அவளுக்கும் சரிப்படவில்லை, யாரிடமும் "பார்த்துப் போங்கள்" என்று சொல்ல முடியாது என்கிறாள். போன வாரம் மதாம் கொலெத் வழக்கம்போல் என்னைத் திட்டக் கூப்பிட்டார். முடித்துவிட்டு, ஜூலி பேச்சை எடுத்தார்.

"குடில் ஆபீஸில் இப்போது யாரோ ஒரு ஆள். ஜூலி எங்கே போனாளோ. அவளைப் பற்றி உங்களுக்கு எங்கே தெரியப்போகிறது!"

அந்த மலைப் பனியை இன்றுவரை கண்ணால் பார்க்காத நான் இந்தத் தொழிலில் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்: எந்த மணப்பெண்ணைப் பார்க்க ஆளை அனுப்புவதாக இருந்தாலும், ஊரில் அவளை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று முதலில் பக்கத்து சீட்டில் கேட்டுவிட வேண்டும், கேட்பதற்கு நம் பக்கத்தில் ஒரு சீட்டை அவர்கள் விட்டுவைத்திருந்தால்.